களவும் காவலும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, கேகாலைக்கும் மாவனல்லைக்கும் இடையே, மரஞ்செறிந்த பாறைக் குன்றொன்று எழுந்து நிற்கின்றது. உத்துவன்கந்தை என்பது அதன் பெயர். 1832ஆம் ஆண்டு பிறந்த சரதியேல் என்னும் கள்ளன் அக்குன்றைத் தனக்கு அரணாகக் கொண்டு, அதன் அடிவாரத்தாற் சென்ற வண்டிகளையும் வணிகரையும் மறித்துக் கொள்ளையிட்டான். செல்வரிடம் பறித்ததை வறியவர்க்கு ஈந்தான் என்று ஊர்மக்கள் அவனைப் பற்றி இன்றும் கதை சொல்லுவர். 1864ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள் அவனைப் பிடிக்கச் சென்ற இடத்திலே சபான் என்னும் பொலிஸ் வீரர் உயிர் நீத்தார். கடமையின்போது மாண்ட முதற் பொலிஸ்காரர் அவரென்று கொண்டு, அந்நாளையே இலங்கைப் பொலிசார் தம் வீரர் நினைவு நாளாக ஆண்டுதோறும் அனுட்டிக்கின்றனர். அவ்வாண்டு மே மாதம் 7ஆம் நாள் சரதியேலும் அவனை விட்டுப் பிரியாதிருந்த தோழனான மம்மலே மரைக்காரும் கண்டியிலே தூக்கிலிடப்பட்டார்கள்.

கள்ளனை ஊர் நினைக்கின்றது. காவலனை அரசு நினைக்கின்றது. உத்துவன்கந்தையின் கதையிலே இவ்விருவரும் எதிரெதிரே நிற்பவர்கள். ஆனால் அதே மாகாணத்திலே, அக்குன்றுக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் குடியேறிய தமிழ்த் தொழிலாளர், தம்முடன் வேறொரு வீரனைக் கொண்டு வந்தார்கள். அவன் கள்ளரை அடக்குவதற்கென்று அரசனால் அமர்த்தப்பட்டவன். கள்ளனென்று பிடிபட்டு அதே அரசனால் வெட்டுண்டவன். அவன் பெயர் மதுரை வீரன்.

சப்பிரகமுவா 1889ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் அதன் கண் அடங்கும். நுவரெலியாவைப் போலக் கடுங்குளிர் உடையதன்று. மழையோ மிகப் பெரிது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றை, எகலியகொடை முதலிய இடங்களின் தாழ்ந்த சரிவுகளிலே இறப்பர் மரங்களும், பலாங்கொடை, இறக்குவானை முதலிய பகுதிகளின் உயர்ந்த சரிவுகளிலே தேயிலையும் பயிரிடப்பட்டன. மற்றைய மலைநாட்டுப் பகுதிகளிலே தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் தொடர்ந்து கிடக்க, இங்கே சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தொழிலாளரின் லயங்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கும். இவ்வேறுபாட்டைக் கேட்போர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னே இதனாற் பயனுண்டு.

திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய சீமைகளிலிருந்தே இத்தொழிலாளருட் பெரும்பாலோர் வந்தனர். முன்னாளில் வந்தோர் காட்டுவழி நடந்து வந்தவர்கள். 1914க்குப் பின் வந்தோர் தனுஷ்கோடியிலே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிப் புகைவண்டியிலே வந்தவர்கள். எவ்வழியே வந்தாலும், ஊர்த் தெய்வத்தின் இருப்பிடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்து வந்து, தோட்டத்திலே ஒரு மரத்தடியில் இட்டு, கல் நாட்டி வணங்கும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. பிடிமண் என்று அதனைக் கூறுவர். தோட்டத்தின் நடுவே மாரியம்மனுக்குக் கோயில் எழும். தொழிற்சாலையிலே எந்திரச் சக்கரத்தின் அருகே ரோதை முனி இருப்பார். எல்லைகளிலே முனியாண்டியும் கருப்பண்ணனும் மதுரை வீரனும் காவல் நிற்பார்கள். சப்பிரகமுவா மலைகளுக்குச் சிங்கள மக்கள் காவலாகக் கொண்ட தெய்வம் சமன். இரத்தினபுரியிலுள்ள சமன் தேவாலயம் பெரும்புகழ் வாய்ந்தது. அக்காவலின் கீழேதான் இக்காவலும் வந்து அமர்ந்தது.

மதுரை வீரனின் உருவம் யாரும் அறிந்ததே. முறுக்கிய மீசையும் ஓங்கிய வாளும் அவனுக்கு அடையாளம். சில இடங்களிலே வெள்ளைக் குதிரைமீது இருப்பான். இரு புறமும் இரு பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி பொம்மி, மற்றவள் வெள்ளையம்மாள். காவல் தெய்வங்கள் எத்தனையோ உள; முனியும் கருப்பனும் தனியே நிற்க, இவன் தான் காதலித்த பெண்களோடு நிற்கின்றான். அவன் உயிரைக் கொண்டு போனது எதுவோ அதனையே அவனுக்கு இருபுறமும் அணியாக வைத்து மக்கள் வணங்குகின்றார்கள். இது சிறிது நின்று எண்ணத் தக்க செய்தி.

கதை பல பாடங்களாக வழங்குகின்றது. எல்லாவற்றுக்கும் பொதுவானது இதுவாகும். காட்டிலே கிடந்த குழந்தையொன்றைச் செருப்புத் தைக்கும் அருந்ததியர் குலத்தவனான சின்னானும் அவன் மனைவியும் எடுத்து வளர்த்தனர். அப்பகுதித் தலைவன் பொம்மண நாயக்கன். அவன் மகள் பொம்மி பூப்பெய்தியபோது வழக்கப்படி ஊருக்குப் புறத்தே பச்சைக் குடிசை கட்டி அவளைத் தனித்திருக்கச் செய்தனர். இரவிலே அக்குடிசைக்குக் காவல் இருப்பது சின்னானின் குலக்கடமை. மழை பொழிந்த ஓர் இரவிலே தந்தைக்குப் பதிலாக மகன் காவலுக்குச் சென்றான். காக்கச் சென்றவன் காக்கப்பட்டவளின் உள்ளத்தைக் கவர்ந்தான். தன் உள்ளத்தையும் இழந்தான். பின் அவளை உடன்கொண்டு சென்றான். தொடர்ந்து வந்த நாயக்கனும் அவன் படையும் போரிலே தோற்றனர், நாயக்கன் மாண்டான்.

வீரனின் வாழ்க்கை முழுவதும் இம்முதற் காட்சியிலேயே அடங்கிவிட்டது எனலாம். கடமை அவனை ஒரு வாயிலிலே நிறுத்துகின்றது. அவன் அவ்வாயிலைக் கடந்து உள்ளே செல்கின்றான். இரண்டாம் முறையும் இதுவே நிகழ்ந்தது. ஆனால் அம்முறை எதிரே நின்றவன் ஊர்த்தலைவன் அல்லன், பேரரசன்.

திருச்சிராப்பள்ளியிலே அரசனிடம் வேலைக்கு அமர்ந்த வீரன், அங்கே கள்ளரை அடக்கிப் பெயர் பெற்றான். அப்பொழுது மதுரையிலே அழகர்மலைப் பக்கத்துக் கள்ளரின் தொல்லை பொறுக்க ஒண்ணாததாய் இருந்தது. திருமலை நாயக்கர் வேண்ட, வீரன் மதுரைக்கு அனுப்பப்பட்டான். பிறப்பால் வாயிலுக்கு வெளியே நின்றவன் தோளால் அரண்மனைக்குள் சென்றான். கள்ளரை ஒடுக்குவதற்கான அதிகாரம் அவனுக்கு வழங்கப்பட்டது. அரண்மனை ஆடல் மகளிருள் ஒருத்தி வெள்ளையம்மாள். அவள் அரசனுக்கு உரியவள் என்பது ஊரறிந்த உண்மை. வீரன் அவளை விரும்பினான். அவளும் அவனை விரும்பினாள்.

அவன் மனத்திலே அப்பொழுது நிகழ்ந்த போராட்டத்தைக் கதைப் பாடகர் விரித்துரைப்பதில்லை. நம் நாட்டுக் கதைப்பாடல்களுக்கு அது வழக்கமன்று. செயலைச் சொல்லி உள்ளத்தைக் கேட்போரிடமே விட்டுவிடும். ஆயினும் அந்நிலையை எண்ணிப் பார்ப்பது அரிதன்று. அவனுடைய வாளும் குதிரையும் அரசன் தந்தவை. அவன் பெயரைக் கேட்டு மதுரை வணிகர் நடுக்கமின்றி உறங்குவது அரசன் ஆணையால். அரசனை விட்டால் அவன் மீண்டும் சின்னான் வீட்டுப் பிள்ளை. மறுபுறத்திலே, தன் விருப்பத்துக்கு உரிமையே இல்லாத ஒரு பெண் அவனை நோக்கிக் காத்திருக்கின்றாள். பொம்மியின் நிலையையும் மறத்தல் ஆகாது. தந்தையையும் குலத்தையும் மனையையும் இழந்து அவன் பின்னே வந்தவள் அவள். வெள்ளையம்மாளை அழைத்துவரப் புறப்பட்ட இரவிலே வீரன் அரசனுக்கு மட்டும் பிழை செய்தான் அல்லன். மதுரை வீரனைப் புகழ்வோர் இதனை விரைந்து கடந்து செல்வர். கடந்து செல்லத் தக்கதன்று.

இருளிலே அவள் இருப்பிடத்துக்குச் சென்ற வீரன் அரசனின் காவலரிடம் அகப்பட்டான். கள்ளன் பிடிபட்டான் என்று செய்தி போயிற்று. கள்ளருக்கு உரிய தண்டனை மாறுகால் மாறுகை வாங்குவது. அஃதாவது ஒரு புறத்துக் கையையும் மறுபுறத்துக் காலையும் துணித்தல். வீரன் எத்தனையோ பேரை எதற்கென்று பிடித்துக் கொடுத்தானோ, அத்தண்டனை அவனுக்கே கிடைத்தது. வெட்டுண்டவன் இன்னானென்று பின்னரே அரசன் உணர்ந்து வருந்தினான் என்று ஒரு பாடம் கூறும். மீனாட்சியம்மையின் அருளாற் கையும் காலும் மீண்டும் வளர்ந்தன என்றும், வளர்ந்த பின்னரும் வீரன் வாழ விரும்பாது தன் கழுத்தைத் தானே அரிந்துகொண்டான் என்றும், பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு தீப்புகுந்தனர் என்றும் கதை முடியும். அம்மையின் கோயிற் கீழை வாயிலிலே அவனுக்கு இடம் கிடைத்தது. இன்றும் மதுரையிலே அவ்விடத்தில் அவன் சந்நிதி இருக்கின்றது.

வரலாற்று நூலோர் இக்கதையைக் கேட்டால் நகைப்பர். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். கதையிலே வீரனை மதுரைக்கு அனுப்பியவராகப் பாடப்படும் திருச்சி அரசர் விசயரங்க சொக்கநாத நாயக்கரோ 1706 முதல் 1732 வரை ஆண்டவர். திருமலை நாயக்கர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அவர் அரியணை ஏறினார். ஆகவே ஆண்டுக் கணக்கு சிறிதும் பொருந்தாது. ஆனால் பாமர மக்கள் இக்கதையிலே காத்து வைத்தது அரசர் வரிசையை அன்று. காவலுக்கும் களவுக்கும் உள்ள உறவையே அவர்கள் காத்து வைத்தார்கள். அவ்வுறவு வரலாற்றிலே நன்றாகப் பொருந்துகின்றது.

பாண்டி நாட்டிலும் அதனை அடுத்த சீமைகளிலும் காவல் என்பது ஓர் உரிமை. கள்ளர், மறவர் முதலிய வகுப்பார் ஊர்களுக்குக் காவல் பூண்டு அதற்கென்று கூலி பெற்றனர். காவற்கூலி கொடாத ஊரிலே மாடு காணாமற் போகும். போன மாட்டைக் கண்டுபிடித்துத் தருவதற்கும் ஒரு கூலி உண்டு. துப்புக்கூலி என்பது அதன் பெயர். காப்பவன் யார், கவர்பவன் யார் என்று அயலார் பிரித்தறிவது எளிதன்று. பிரித்தானிய ஆட்சியாளர் இம்முறையை ஒழிக்க முற்பட்டு, 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழே பிரமலைக் கள்ளரைப் பதிவு செய்யலாயினர். பிறந்த குலத்தாலேயே ஒருவனைக் குற்றவாளியாக்கிய அச்சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் மீது 1920 ஏப்பிரில் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரிலே துப்பாக்கி வெடித்தது. அச்சீமைகளிலிருந்து வந்த மக்களுக்குக் காவலனும் கள்ளனும் ஒருவனாதல் புதுமையன்று. அவர்கள் அதனைக் கதையிலே கேட்பதற்கு முன்னரே ஊரிலே கண்டவர்கள்.

தோட்டத்திலே அவர்கள் கண்ட காவல் வேறு வகையானது. பெரிய கங்காணி ஊருக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து வருவார். அம்முன்பணம் தொழிலாளியின் பெயரிலே கடனாக நிற்கும். வேலைக்கு வரும் ஆளொன்றுக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்புவோர்க்குத் துண்டு என்னும் சீட்டு வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், அவர்கள் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அச்சீட்டின் பொருள். ஆட்களோடு கடனும், கடனோடு ஆட்களும் கைமாறின. முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி மறியலுக்கு உரிய குற்றமாகும். ஆகவே இரவிலே லயத்தை விட்டு ஓடுவோரைத் தடுக்கவும், ஓடியோரைத் தேடிப் பிடிக்கவும் கங்காணிமாருக்கு ஏவலாட்கள் வேண்டியிருந்தார்கள்.

இத்தகைய ஏவலாளின் நிலையைச் சிறிது நோக்குதல் தகும். அவன் துரைமகன் அல்லன், கணக்கப்பிள்ளையும் அல்லன். லயத்திலே மற்றவர்களுடையதைப் போன்ற காம்பராவிலேயே அவன் குடியிருந்தான். பிரட்டுக்களத்திலே விடியலில் எழும் தப்பொலி அவனையும் எழுப்பியது. கங்காணியின் கணக்கிலே அவன் பெயரிலும் கடன் உண்டு. அவன் கையிலே ஒரு கம்பு இருந்தது, அவ்வளவே வேற்றுமை. யாரை மறிக்க வேண்டுமென்று அவனுக்குக் கட்டளை இருந்ததோ அவர்கள் அவனுடைய உறவினர், ஊரார், உடன் பிறந்தார். கங்காணிக்கு உண்மையாய் இருத்தல் என்பது, பல வேளைகளிலே, தன்னவர்க்குப் பொய்யாய் இருத்தலே.

இனிக் காதலுக்கு வருவோம். தோட்டத்து லயங்களிலே சாதி வேறுபாடு கடலைத் தாண்டியும் அழிந்துபோகவில்லை. கங்காணிமார் பெரும்பாலும் மேற்சாதியினர். தொழிலாளருட் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர் ஆகிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர். 1975இலே வெளிவந்த ஜெயராமன் என்பாரின் ஆய்வு நூல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே சாதி தொடர்ந்து நிற்கும் வகையை விரிவாகக் காட்டியது. ஆயினும் கொழுந்து கொய்யும் மலையிலும் பால்வெட்டும் காட்டிலும் இளைஞர் ஒருவரை ஒருவர் காண்பதை யார் தடுக்க முடியும்? விருப்பம் கொண்ட இருவர்க்கு லயத்திலே இடமில்லையாயின், இருளிலே அடுத்த தோட்டத்துக்குச் செல்வதே வழி. பழைய இலக்கணத்தார் இதனை உடன்போக்கு என்றனர்.

ஆனால் தோட்டத்திலே உடன்போக்குக்கு வேறொரு கணக்கும் இருந்தது. இருவர் ஓடிப்போனால் சாதிக்கு மட்டுமா இழுக்கு? கங்காணியின் கணக்கிலே இரண்டு தலைகள் குறையும். இரண்டு கடன்கள் வாராக் கடன்களாகும். இரண்டு தலைக்காசுகள் போய்விடும். காதலித்தவன் ஒரு பெண்ணை மட்டும் கொண்டு போகவில்லை. தன்னையும் திருடிக்கொண்டு போனான். தொல்காப்பியர் மறைந்தொழுகும் காதலுக்குக் களவு என்று பெயரிட்டு அதற்கென ஓர் இயலே வகுத்தார். அக்களவு திருட்டன்று என்று உரையாசிரியர்கள் எத்தனையோ நயமாக விளக்கினார்கள். சப்பிரகமுவாத் தோட்டமொன்றின் பற்றுவரவுப் புத்தகத்திலே அந்நயத்துக்கு இடமிருக்கவில்லை. அங்கே களவு களவேதான்.

இந்நிலையிலே வாழ்ந்த மக்கள், தம் எல்லைக்குக் காவலாக ஒருவனை நாட்ட நினைத்தபோது மதுரை வீரனை நாட்டியதன் பொருள் சிறிது விளங்குகின்றது. வாளேந்திய காவலர் பலரை அவர்கள் ஊரிலே வணங்கினார்கள். இவனோ, பிறரை மறிப்பதற்காக நிறுத்தப்பட்ட இடத்திலே நின்று, தான் விரும்பியவள் பொருட்டு அவ்விடத்தை விட்டு நீங்கியவன். கம்பு ஏந்திய ஏவலாளும் அவனை வணங்கினான். அக்கம்புக்கு அஞ்சி இருளிலே ஓடியவனும் அவனை வணங்கினான். இருவர்க்கும் அவன் தம்முடையவனாகத் தோன்றினான். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமை நன்கு புலப்படும். அந்தணனான முத்துப்பட்டன் அருந்ததியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாமன் தொழிலை ஏற்று, மாடு கவர வந்த கள்ளரோடு பொருது மாண்டான். அவனைக் கொன்றவர் கள்ளர். மதுரை வீரனைக் கொன்றதோ அவன் யாருக்காகக் கள்ளரை வென்றானோ அவ்வரசு.

வீரன் உண்மையிலே காசி அரசன் மகன் என்றும், தீய குறியோடு பிறந்ததாற் காட்டிலே விடப்பட்டான் என்றும் அச்சிட்ட கதைப் புத்தகங்கள் கூறும். தாழ்ந்த குலத்தான் ஒருவன் நாயக்கர் மகளை மணந்தான் என்பதைச் சொல்ல வாய் கூசியவர்கள் பிற்காலத்திலே சேர்த்த பகுதியாகவே இது தோன்றுகின்றது. அரசன் மகனாயின் மணத்திலே குற்றமில்லை. குற்றமில்லையாயின் கதையும் இல்லை. 1956ஆம் ஆண்டு வெளிவந்த மதுரை வீரன் திரைப்படமும் இப்பகுதியை விட்டுவிடவில்லை. அப்படத்திலே வீரனாக நடித்த எம். ஜி. இராமச்சந்திரன் 1917இலே கண்டியிற் பிறந்தவர். பானுமதி பொம்மியாகவும் பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடித்தனர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் வளர்ப்புப் பெற்றோராகத் தோன்றினார்கள். படத்தைக் கண்டோர் உள்ளத்திலே நின்றது காசி அரண்மனை அன்று. செருப்புத் தைக்கும் அவ்விருவரின் குடிசையே என்று துணிந்து கூறலாம்.

துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுப் போதலைக் குற்றமாக்கிய சட்டப் பகுதியும் அதையொட்டி நீங்கியது. 1927ஆம் ஆண்டின் சட்டம் கூலிக்கு ஒரு கீழெல்லை வகுக்க வழி செய்தது. 1939இலே இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியபின் தொழிற்சங்கங்கள் வலுத்தன. பெரிய கங்காணியின் ஆட்சி தேய்ந்தது. ஏவலாளின் கம்புக்கும் வேலை குறைந்தது. ஆனால் காவலின் தேவை தீர்ந்துவிடவில்லை. அஃது வேறு திசையிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதற்கும் 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவதற்கும் உரியர் எனப் பங்கிடப்பட்டனர். 1977இலும் 1981இலும் நிகழ்ந்த வன்செயல்களிலே சப்பிரகமுவாத் தோட்டங்கள் பெரிதும் தாக்குண்டன. கிராமங்களும் லயங்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை முன்னே சொன்னது இதற்காகவே. இரத்தினபுரி, காவத்தை முதலிய இடங்களிலே லயங்கள் எரிந்தன. பலர் வவுனியா முதலிய வடபுலத்து ஊர்களுக்கு ஓடினார்கள். அவ்வோட்டத்திலே எவரையும் எந்தக் கங்காணியும் மறிக்கவில்லை.

ஓடியவர்கள் சிலர் மீண்டும் வந்தார்கள், பலர் வரவில்லை. வந்தவர்கள் கண்ட லயங்கள் கரிந்து கிடந்தபோதும், அடுத்த அடுத்த ஆண்டுகளிலே மாரியம்மன் திருவிழாவின்போது எல்லைத் தெய்வங்களுக்குப் பூசை வைப்பதை அவர்கள் கைவிடவில்லை. சேவல் அறுத்து, சுருட்டும் சாராயமும் படைத்து வீரனை அழைப்பார்கள். பூசாரியின் உடலிலே வீரன் இறங்கிக் குறி சொல்லும்போது, காணாமற் போன நகையைப் பற்றிக் கேட்போரும் உண்டு. வீட்டை விட்டுப் போன மகளைப் பற்றிக் கேட்போரும் உண்டு. இரண்டையும் ஒரே தெய்வத்திடம் கேட்பதிலே அவர்களுக்கு முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை.

மதுரையிலே அவன் அம்மையின் அருகே இடம் கேட்கவில்லை. வாயிலையே கேட்டான் என்பர். தோட்டத்திலும் அவன் பெரும்பாலும் மாரியம்மன் கோயிலுக்கு வெளியேதான் நிற்கின்றான். லயங்கள் முடியும் இடத்தில், ஒரு மரத்தடியில், பொம்மியும் வெள்ளையம்மாளும் இருபுறமும் நிற்க, வாளை ஓங்கியபடி. அம்மரத்தைக் கடந்துதான் அடுத்த தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை செல்கின்றது.